புதுத் தண்ணீரில் முதல் கால்

வெள்ளையம்மாவோடு பட்டணம் பார்க்கப் போகிறவர்கள் அவள் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். உயிர் காலேஜில் புலிக்கூண்டின் கம்பிக்குள் கையை விடக் கூடாது. செத்த காலேஜில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து ஒப்பாரி வைக்கக் கூடாது. மூர் மார்க்கெட்டில் வளையல் கடையைக் கண்டதும் கூட்டத்தை விட்டு நழுவக் கூடாது. இதையெல்லாம் சூளகிரியில் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுவாள். சென்னப்பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் மிருகங்கள் உயிரோடு இருப்பதால் அது உயிர் காலேஜ். மியூசியத்தில் செத்துப் பஞ்சடைத்து நிற்பதால் அது செத்த காலேஜ். ஜனங்கள் வைத்த பெயர்தான். காலேஜ் என்றால் பெரிய கட்டடம் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் கூட்டத்தில் ஆண்களுக்கு இடம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. எங்கள் ஊர் ஆண்களுக்கு இன்றைக்கும் அவள் பெயரைச் சொன்னால் முகம் சுருங்கும். சுருங்கட்டும், எனக்கென்ன.

அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை. புதிதாக வருகிற யாராவது கேட்டால், "கடல் காத்து பட்டு உதுந்துட்டுது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பாள். அந்தப் பல் எப்படிப் போனது என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். என் பெயர் சரசம்மா. அவள் புகுந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். அவள் அடி வாங்கும் சத்தம் எனக்கு ஆட்டுக்கல் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

அடித்தவன் அவள் புருஷன் சம்பங்கி. ஆள் பார்க்க லட்சணமானவன், அதில் குறை சொல்ல முடியாது. சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே எந்த ஊரில் புதுக் கிணறு வெட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெட்டுவதற்கு அல்ல, குதிப்பதற்கு. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பாறையை வெடி வைத்துப் பிளந்து, ஊற்றுக்கண் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டால் ஊரே கிணற்று மேட்டில் கூடும். பூசை முடிந்ததும் அந்தப் புதுத் தண்ணீரில் முதலில் ஓர் ஆண்பிள்ளை தலைகீழாகக் குதித்து எழ வேண்டும். அவன் தலை வெளியே வந்த பிறகுதான் பெண்கள் குடம் இறக்கலாம். பெண்ணின் கால் முதலில் பட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளுமாம். பாறையைச் சுமந்து கொட்டியபோது மட்டும் பெண்ணின் காலும் தலையும் தேவைப்பட்டது, அது யாருக்கும் ஞாபகம் வராது.

சம்பங்கி கை இரண்டையும் கூப்பி, உடம்பை வில்லாக வளைத்துக் குதித்தால் தண்ணீர் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்ளும். வேட்டி துண்டு மரியாதையோடு வீடு வருவான். குதித்துவிட்டு வரும் நாளில் அவனுக்கு வீரம் தலைக்கேறியிருக்கும். அன்றைக்கு வெள்ளையம்மாவுக்கு உதை நிச்சயம். சோறு சூடாக இருந்தாலும் உதை, ஆறியிருந்தாலும் உதை. ஒரு தடவை அவள் இடுப்பில் கைக்குழந்தை முனிலட்சுமி இருக்கும்போதே எட்டி உதைத்தான். குழந்தையைக் கீழே விடாமல் அவள் தோளால் சுவரில் மோதிக்கொண்டு விழுந்தாள். சுவரின் இந்தப் பக்கம் என் விளக்கு மாடம் அதிர்ந்தது.

பட்டணத்தில் டிராம் வண்டியை நிறுத்துவதற்கு முந்தின வருஷம், மாசி மாதம், எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் பட்டணம் பார்க்கப் புறப்பட்டது. கூட்டிப்போனவன் முனிவேல். பட்டணத்து மெஸ் ஒன்றில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஊரில் எதைப் பார்த்தாலும் "பட்டணத்துல இத விடப் பெருசு" என்பான். அவன் வாயை அடைக்கவே பாதிப் பேர் கிளம்பினார்கள்.

வெள்ளையம்மாவுக்கு ஒரே ஆசை. உயிர் காலேஜ் வேண்டாம், கப்பல் வேண்டாம். கடலில் கால் நனைக்க வேண்டும். நடக்கப் பழகிய நாள் முதல் குடம் சுமந்தவள் அவள். கோடையில் ஒரு குடத்துக்கு அரைமைல் நடப்பாள். யாரும் சுமக்க வேண்டாத தண்ணீர் இத்தனை இருக்கிறது என்று முனிவேல் சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கேட்டதற்கு ஒரு தடவை அடி விழுந்தது. ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டியோடு போகிறார்கள் என்றதும் கௌரவத்துக்குப் பயந்து சம்பங்கி ஒத்துக்கொண்டான். குழந்தையை மாமியார் சென்னம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ராயக்கோட்டைக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலைச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், ஜோலார்பேட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டு டிராம் ஏறினோம். மணியடித்துக்கொண்டு நடுத்தெருவில் போகும் வண்டி. ஓடும்போதே ஏறினார்கள், ஓடும்போதே இறங்கினார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் இறங்குகிறேன் என்று பின்பக்கம் பார்த்துக் குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்.

உயிர் காலேஜில் ஒரு குரங்கு முனிவேலின் தலைப்பாகையைக் கம்பி வழியாகப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம். வெள்ளையம்மா கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டாள். புலிக்கூண்டுக்கு முன்னால், அத்தனை ஜனம் பார்க்க, சம்பங்கி அவள் கன்னத்தில் அறைந்தான். தூங்கிக்கொண்டிருந்த புலி எழுந்து நின்று பார்த்தது. வாயோரம் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த கூண்டுக்கு நடந்தாள்.

"வுட்டுட்டு வாடி, ஊருக்குப் போயிடலாம்" என்றேன்.

"கடல் பாக்காம வர மாட்டன் யக்கா" என்றாள்.

கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த நேரத்தில் போனோம். அந்த அகலத்தைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னுக்கு வந்தேன், பொய் சொல்லவில்லை. முனிவேல் ஆண்களை ஹார்பர் பக்கம் கப்பல் காட்டக் கூட்டிப்போனான். பெண்கள் மணலில் உட்கார்ந்து பட்டாணிச் சுண்டல் தின்றோம். சம்பங்கி மட்டும் போகவில்லை. பெண்டாட்டியைத் தனியே விட்டால் யாரோடாவது ஓடிவிடுவாள் என்பதுபோல் பக்கத்திலேயே நின்றான்.

வெள்ளையம்மா புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். ஈரமணலில் ஒரு காலை வைத்திருப்பாள். சம்பங்கி ஓடிவந்து கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் கீழே தள்ளினான்.

"புதுத் தண்ணில பொட்டச்சி கால வெக்கறதா? நா குதிச்சி எழுந்தப்பறம் எறங்குடி."

"மாமா, இது கெணறு இல்ல. எப்பவோ ஊறின தண்ணி" என்றாள் அவள், விழுந்த இடத்திலிருந்தே.

அதற்கு வயிற்றில் ஓர் உதை. சுண்டலை எறிந்துவிட்டு நான் எழுந்து ஓடினேன். சற்றுத் தள்ளி வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று கத்தினார். சம்பங்கிக்கு அவர் தன் குதிப்பைப் பார்க்க வந்த இன்னொரு ஆள், அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி மணலில் போட்டான். முழங்கால் ஆழத்தில் நின்று, நாங்கள் பார்க்கிறோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். பெரிய அலை ஒன்று பச்சையாக எழுந்து நின்றது. கை இரண்டையும் கூப்பினான், உடம்பை வில்லாக வளைத்தான், தலைகீழாகப் பாய்ந்தான்.

அலை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் தலை போய்ச் சேர்ந்த இடத்தில் ஈரமணல்தான் இருந்தது. காய்ந்த விறகை மிதித்து ஒடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த அலை அவனைப் புரட்டி, கால்கள் வேறு பக்கம் தலை வேறு பக்கமாகக் கொண்டுவந்து போட்டது. வெள்ளையம்மா தண்ணீருக்குள் பாய்ந்து அவன் அக்குளைப் பிடித்து இழுத்தாள். மீன்காரர் வந்து கால்களைத் தூக்கினார். உச்சந்தலையில் தோல் திறந்து ரத்தம் கொட்டியது. அவள் அன்றைக்கு இடுப்பு வரை நனைந்தாள். ஆனால் கடலில் கால் நனைத்ததாக அவள் அதை எண்ணியதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவன் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கழுத்தெலும்பு நொறுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துவிட்டது, கைகளில் பாதி உயிர். சேதி கேட்டு அவன் தம்பி வெங்கடப்பன் ஊரிலிருந்து வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எப்பிடிண்ணா ஆச்சி?" என்று கேட்டான். நானும் அங்கே இருந்தேன், வெள்ளையம்மாவும் இருந்தாள்.

சம்பங்கி சுவரைப் பார்த்துக்கொண்டு, "பின்னால இருந்து தள்ளிட்டா" என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. இத்தனை கிணறு குதித்தவன் முழங்கால் தண்ணீரில் குதித்துக் கழுத்தை ஒடித்துக்கொண்டான் என்று ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தான். புரிந்ததால் என் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. "பொய்யி! நா பாத்தன்!" என்று கத்தினேன். வெங்கடப்பன் என் பக்கமே திரும்பவில்லை. நேராக வெள்ளையம்மாவின் கழுத்தைப் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாத்தினான். ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகு பிரித்துவிட ஆளில்லை. புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று ஆகிவிட்டது. துரத்தவும் மாட்டார்கள், ஏனென்றால் அவனைப் புரட்டிப் போட்டு, மலம் அள்ளி, சோறூட்ட ஆள் வேண்டும். பகலில் அவனுக்குச் செய்தாள். அதோடு அவன் செய்துகொண்டிருந்த, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை வேலையும் அவள் தலையில் விழுந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தாமதமானால் வெங்கடப்பன் மாடு ஓட்டும் தார்க்குச்சியின் ஆணிப் பக்கத்தால் முதுகில் குத்துவான். சென்னம்மாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். தெலுங்கில் திட்டிக்கொண்டே அடுப்பிலிருந்த கரண்டிக்காம்பை எடுத்து மருமகள் தொடையில் இழுப்பாள். கட்டிலில் கிடந்தபடி சம்பங்கி எல்லாவற்றையும் பார்ப்பான். வாயைத் திறக்க மாட்டான்.

ஒருநாள் குருபரப்பள்ளியிலிருந்து அவள் அப்பா வந்தார். மகளைக் கூட்டிப்போகத்தான் வந்தார் என்று நினைத்தேன். மருமகன் கட்டிலில் கிடக்கும் கோலத்தைப் பார்த்தார், அவன் சொன்னதைக் கேட்டார், மகளைக் கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தப் பல் போனது. பெற்றவனே அடித்துவிட்டுப் போன பிறகு யாருக்குப் பயம் என்று வெங்கடப்பன் மாட்டுத் தொட்டி விளிம்பில் அவள் முகத்தை மோதினான். ரத்தத்தையும் பல்லையும் அவள் தொட்டியிலேயே துப்பினாள். நான் சுவரேறிக் குதித்து விளக்குமாற்றால் அவனை இரண்டு சாத்து சாத்தினேன். என்னையும் பிடித்துத் தள்ளினான். என் மணிக்கட்டு பிசகி மாதக்கணக்கில் வலித்தது.

மறு வருஷம் யுகாதி கழிந்ததும் ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. ஊர்க்கவுண்டர் திம்மராயன் சம்பங்கியின் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்வாராம். என்ன முடிவு என்று ஊருக்கே தெரியும். வெள்ளையம்மாவுக்கு மொட்டையடித்து எல்லைக்கு வெளியே துரத்துவது. குழந்தை முனிலட்சுமி சென்னம்மாவிடமே இருப்பது. பார்த்தவள் நான் இருக்கிறேன், சொல்கிறேன் என்று கவுண்டர் வீட்டுக்கே போனேன். பொம்பளை கூட்டத்தில் நின்று பேசுகிற வழக்கம் நம் ஊரில் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

வெள்ளையம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அழவில்லை. "மொட்ட அடிச்சா மயிரு மொளச்சிடும். புள்ளைய இவங்க கையில வுட்டுட்டுப் போனா, நாளைக்கி அதோட பல்லும் தொட்டியில கெடக்கும்" என்றாள். பிறகு, கூட்டம் எங்கே என்று கேட்டாள். சம்பங்கியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவள் கவலை ஓட்டும்போது கண்பார்வையில் இருக்கட்டும் என்று பகலெல்லாம் அவன் கட்டிலைக் கிணற்று மேட்டுப் புங்கமரத்தடியில்தான் போடுவார்கள். ஆகவே கூட்டமும் அங்கேதான் என்றேன். "அப்ப செரி. நீ காலையிலியே வந்துடு யக்கா" என்றாள்.

கவலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்றின் மேல் உருளை, அதில் தடித்த வடக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால், மறுமுனை மாடுகளின் நுகத்தடியில். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மேடேற்றினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். கயிற்றை நுகத்தடியில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு மரமுளை.

நான் போனபோது அவள் வடத்திலிருந்து சாலை அவிழ்த்துவிட்டிருந்தாள். சம்பங்கி கிடந்த கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களிலும் கயிறு கட்டி, நான்கையும் மேலே சேர்த்து வடத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். அவனையும் மார்பிலும் இடுப்பிலும் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவன் வாயில் அவன் துண்டு. கண்கள் மட்டும் உருண்டன.

"கால்மாட்டப் பிடி யக்கா" என்றாள்.

பிடித்தேன். யார் யாரோ பிறகு என்னைக் கேட்டார்கள், பாவமில்லையா என்று. இன்னொரு தடவை என்றாலும் பிடிப்பேன். அவள் மாடுகளைச் சரிவில் இறக்கினாள், வடம் விறைத்தது, கட்டில் தரையை விட்டு எழுந்தது. நான் தள்ளினேன். அது ஆடிக்கொண்டே கிணற்றின் வாய்க்கு நேரே போய் நின்றது. எட்டி அவன் வாயிலிருந்த துண்டை உருவினேன். அவள் மாடுகளைப் பின்னுக்கு நடத்த நடத்த, அவன் அலறிக்கொண்டே கீழே போனான். அந்தக் கிணற்றிலும் முதலில் குதித்தவன் அவன்தான்.

அலறல் கேட்டுக் கவுண்டரும் ஆண்களும் ஓட்டமாக வந்தார்கள். வெள்ளையம்மா சரிவில் மாடுகளுக்கு நடுவே நின்றிருந்தாள். ஒரு கை மூக்கணாங்கயிற்றில், ஒரு கை மரமுளையில்.

"ஏம்மே, இன்னா காரியம் பண்ற? மேல தூக்குடி!" என்றார் கவுண்டர்.

"தூக்கறன் கவுண்டரே. அவுரு ஒரு வார்த்த சொல்லட்டும், தூக்கறன்."

வெங்கடப்பன் தார்க்குச்சியோடு பாய்ந்தான். அவள் முளையை ஒரு திருகு திருகினாள். உருளை கிறீச்சிட்டது, கட்டில் ஒரு முழம் சரக்கென்று இறங்கி நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் எந்த மனுஷன் வாயிலும் கேட்டதில்லை.

"வெங்கடப்பா, அங்கியே நில்லு. இன்னும் ஒரு அடி வெச்சா உருவிடுவன்" என்றாள். அவன் நின்றான். ஊரே நின்றது.

"கொல்றாளே! அன்னிக்கித் தள்ளினவ இன்னிக்கும் தள்றாளே!" என்று உள்ளேயிருந்து சம்பங்கி கத்தினான்.

அவள் மாடுகளை ஓரடி பின்னுக்கு விட்டாள். கட்டிலின் கயிற்றுப் பின்னல் வழியாகத் தண்ணீர் ஏறி அவன் காதோரம் வந்தது. நான் விளிம்பில் நின்று பார்த்துச் சொன்னேன்: "காது நனையுது."

வெள்ளையம்மா குரலை உயர்த்தவில்லை. கிணறு அவள் குரலை வாங்கி அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"மாமா, அன்னிக்கித் தண்ணி எதுமட்டும் இருந்துது? கழுத்துமட்டுமா? இடுப்புமட்டுமா?"

அவள் முளையை லேசாகத் தட்டினாள்.

"சொல்லு மாமா."

"...மொழங்கால்."

"மொழங்கால் தண்ணில பின்னால இருந்து தள்ளினா மூக்கு ஒடையும், மூஞ்சி ஒடையும். உனுக்கு உச்சந்தல எப்பிடி ஒடஞ்சிது?"

கிணற்று மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் கிணறு குதித்து வளர்ந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கவுண்டர் விளிம்புக்கு வந்து, "சம்பங்கி, அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லுடா" என்றார்.

பிறகு அவன் அழ ஆரம்பித்தான்.

"குதிச்சன். நாந்தான் குதிச்சன். அல எழுந்து நின்னுது. கெணறு மாதிரியே இருந்துது. குதிச்சப்பறம் பாத்தா தண்ணியக் காணம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், இப்போது பெயர் எதற்கு. ஒருவர் சிரித்ததும் அடக்கிவைத்திருந்த இன்னும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒருத்தியின் பல்லும் முதுகும் தொடையும் இத்தனை நாள் சிதைந்தன. உயிருக்குப் பயந்து பொய்யாகச் சொன்னான் என்று அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. பொய்யென்றால் இதைவிடக் கௌரவமான பொய் அவனுக்கு எத்தனையோ கிடைத்திருக்கும்.

சிரிப்பு ஓய்ந்ததும் கீழேயிருந்து அவன் குரல் வந்தது. இப்போது அலறல் இல்லை.

"வெள்ளையா, முளைய உருவிடு."

அவள் அசையவில்லை.

"உருவிடுடி. உனுக்குப் புண்ணியமாப் போவட்டும்."

நான் அவள் கையையே பார்த்தேன். கவுண்டர் தடுக்கவில்லை, வெங்கடப்பன்கூடத் தடுக்கவில்லை. உருவியிருந்தால் ஊர் அதை விபத்து என்று சொல்லி முடித்திருக்கும். அவள் முளையை உள்ளங்கையால் இறுக்கி அடித்தாள். மாட்டின் முதுகைத் தட்டி, "நட" என்றாள். மாடுகள் சரிவில் இறங்கின. தண்ணீர் சொட்டச் சொட்டக் கட்டில் மேலே வந்தது. நான் பிடித்து விளிம்புக்குள் இழுத்தேன்.

கட்டிலின் கால் தரையில் பட்டதோ இல்லையோ, வெங்கடப்பன் அவள்மேல் விழுந்தான். அண்ணனைப் பார்த்துச் சிரித்த ஊரை அவனால் அடிக்க முடியாதே. அவள் முடியைப் பிடித்துச் சரிவில் உருட்டினான். அவன் கீழே போட்ட தார்க்குச்சி என் காலடியில் கிடந்தது. அதை எடுத்து, தடித்த பக்கத்தால், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவன் காதில் ஒன்று வைத்தேன். மாட்டுக் குளம்படியில் போய்ச் சுருண்டு விழுந்தான். இன்றைக்கும் அவனுக்கு அந்தக் காது கேட்காது. கடையில் நான் அவனை அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அதில் எனக்கு ஒரு திருப்தி.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள அவகூடப் போவட்டும்" என்றார். செய்த தப்புக்கு ஊரின் சார்பில் வேறு ஒரு வார்த்தை வரவில்லை. வெள்ளையம்மா அதற்கும் காத்திருக்கவில்லை. சென்னம்மாவின் இடுப்பிலிருந்து முனிலட்சுமியை வாங்கிக்கொண்டு, கட்டிய துணியோடு பெருஞ்சாலைக்கு நடந்தாள். அப்பா வீட்டுக்குப் போகவில்லை. குருபரப்பள்ளியில் சாலையோரம் கீற்றுக் கொட்டகை போட்டு லாரிக்காரர்களுக்குக் களியும் கீரைக்கடைசலும் ஆக்கிப் போட்டாள்.

சம்பங்கி இன்னும் மூன்று கோடை உயிரோடு கிடந்தான். தம்பியும் அம்மாவும் பார்த்துக்கொண்ட லட்சணத்தில் முதுகெல்லாம் புண். செத்த சேதி கேட்டு வெள்ளையம்மா வந்தாள். வந்து அழுதாள். ஒப்புக்கு அல்ல, நெஞ்சிலடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எதுக்குடி அழுவற?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். "எனுக்கே தெரியல யக்கா" என்றாள்.

அடுத்த மாசியில் அவளே ஒரு கூட்டம் சேர்த்தாள். லாரிக்காரர்களிடம் பேசிப் பேசி எந்தப் பஸ் எங்கே நிற்கும், எந்த ரயில் எப்போது வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் ஊரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் பெண்களாகப் பார்த்துச் சேர்த்தாள். புருஷன் விடமாட்டான் என்றவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவளைக் கண்டதும் எந்தப் புருஷனும் விட்டுவிட்டான். கிணற்றுக் கதை அதற்குள் ராயக்கோட்டைச் சந்தை வரை போயிருந்தது.

டிராம் அப்போது இல்லை, பஸ்ஸில் சுற்றினோம். உயிர் காலேஜில் குரங்கைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள், பல் இல்லாத இடம் தெரியத் தெரிய. செத்த காலேஜில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் சாந்தம்மா என்கிற பெண் நின்று, இதற்குப் புள்ளைகுட்டி எத்தனையோ என்று ஒப்பாரி வைத்துவிட்டாள். அந்தச் சட்டம் அன்றைக்கு வந்ததுதான். ஹார்பரில் கப்பல் பார்த்தோம், கடைசியில் கடற்கரைக்கு வந்தோம்.

அத்தனை பெண்களும் காய்ந்த மணலில் வரிசையாக நின்றுகொண்டு, தண்ணீரையும் ஒருவர் முகத்தை ஒருவரும் பார்த்தார்கள். யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. சாந்தம்மாதான் கேட்டாள்.

"யக்கா, நம்முளுக்கு இது புதுத் தண்ணியாச்சே. மொதல்ல ஆம்பள யாராச்சும் எறங்க வேணாமா?"

வெள்ளையம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகினாள்.

"எங்க ஊட்டுக்காரர் எறங்கிட்டாரு. நம்ம பக்கத்து ஊருக்கெல்லாம் அது போதும்" என்றாள். பிறகு மகள் முனிலட்சுமியின் தோளைப் பிடித்து, ஈரமணல் வரைக்கும் நடத்திக்கொண்டு போய், அவளை முதலில் இறக்கிவிட்டாள்.